வில்லனுக்குப் பேசும் அத்தை

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொண்டது. நீங்களும் மகளும் குழந்தையும் குறைவின்றி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதில் பாதிதான் உண்மை என்பதால் மீதிப் பாதியை விவரமாக எழுத வேண்டியிருக்கிறது. கடிதம் உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு வருவதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். போனில் சொல்லலாம் என்றால் எங்கள் வீடு இருக்கிற அளவுக்கு பாத்ரூமில் தும்மினால் வாசலில் கேட்கும். உங்கள் வீட்டுக்கு எழுதலாம் என்றால் தபாலை முதலில் பிரிப்பது என் மகள். அவளுக்கு இந்த விஷயம் தெரியவே கூடாது. அதனால்தான் உறையின் மேல் 'சொந்த விஷயம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு உங்கள் ஆபீஸில் யாராவது பிரித்திருந்தால், அவர்களுக்கும் என் வணக்கம்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அத்தைக்குக் கழுத்தில் கட்டி எடுத்தார்களே, மகள் வந்து கூடவே இருந்து பார்த்துக்கொண்டாளே, அது நன்றாகவே ஆறிவிட்டது. கெட்டது ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. புண் ஆறும் வரை பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் மகள் ஊருக்குக் கிளம்புகிற வரைக்கும் அவள் பேசவில்லை. அதற்கப்புறம் பேசலாம் என்றார்கள். பேசினாள். குரல் கரகரவென்று, ஆண்குரல் மாதிரி வந்தது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை, ஆள் பிழைத்து வந்த சந்தோஷத்தில் நான் இருந்தேன். ஆனால் அவள் தண்ணீர் கேன் கடைக்குப் போன் செய்து "ரெண்டு கேன் போடுங்க" என்றிருக்கிறாள், கடைக்காரர் "சரிங்க சார், காலி கேனை எடுத்து வைக்கச் சொல்லி வீட்டம்மாகிட்ட சொல்லிடுங்க சார்" என்றிருக்கிறார். போனை வைத்தாள். வீட்டம்மாவாகிய அவளே போய் காலி கேனை எடுத்து வைத்தாள். அன்றைக்கு மூடிய வாய்தான், மாப்பிள்ளை. இன்னும் திறக்கவில்லை.

டாக்டரிடம் கூட்டிப் போனேன். நரம்பு கொஞ்சம் அசந்து போயிருக்கிறதாம், பேசப் பேசத்தான் தேறுமாம், பேசாமலே விட்டால் அப்படியே நின்றுவிடுமாம். "இந்த மாசங்கள்தான் முக்கியம், வீட்ல நல்லா பேச்சு கொடுங்க" என்றார். பேச்சு கொடுக்கத்தான் பார்த்தேன். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது எனக்குப் பழக்கமானதுதானே என்று, டீயில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டுக் கொடுத்தேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். ஒரு வாய் குடித்தாள். மீதியை அப்படியே என் பிளாஸ்கில் ஊற்றி மூடி வைத்துவிட்டாள், கடையில் போய் நான்தான் குடித்தேன். அடுத்த நாள், என் அக்கா வீடு வைத்திருக்கிற அழகே அழகு என்று சும்மா ஒரு வார்த்தை விட்டேன். திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். எங்கள் படங்களில் சுடுவதற்கு முன்னால் வெறும் கண்ணை மட்டும் திரை முழுக்கக் காட்டுவார்களே, அந்தப் பார்வை. நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். பேப்பரைச் சத்தமாகப் படிக்க வைக்கவும் டாக்டர் சொல்லியிருந்தார், அதனால் பேப்பரை நீட்டினேன், அவள் அதை வாங்கி என் கையிலேயே வைத்து, படி என்று சைகை காட்டினாள். டெண்டர் விளம்பரம் வரைக்கும் படித்து இப்போது எனக்குத்தான் தொண்டை கட்டியிருக்கிறது.

எங்கள் படங்கள் என்றேனே, அதை உங்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டும். கல்யாணமான புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை நீங்களும் எங்களோடு உட்கார்ந்தீர்கள், குதிரை ஊருக்குள் வருவதற்குள் தூங்கிவிட்டீர்கள், அதை நாங்கள் அன்றைக்கே மன்னித்துவிட்டோம். அந்த இத்தாலியக் கௌபாய் படங்கள்தான். என் சிநேகிதர் பல் டாக்டர், எங்கோ வீடியோ கடையை மூடுகிறார்கள் என்று ஒரு பெட்டி நிறைய டிஸ்க் வாங்கி வந்தார், போட்டுப் பார்த்தால் எங்களில் யாருக்கும் தெரியாத பாஷை, கீழே எழுத்தும் இல்லை. ஆனால் அந்தப் படங்களில் ஆரம்பத்திலிருந்தே வாய் ஒரு பாஷை அசையும், சத்தம் வேறு பாஷையில் வரும். அப்படியிருக்க நாம் பேசினால் மட்டும் என்ன குறைந்துவிடும் என்று சத்தத்தைக் குறைத்துவிட்டு நாங்களே பேச ஆரம்பித்தோம். ஹீரோவுக்கு நான். படம் முழுக்க அவனுக்கு மூணே வார்த்தை என்பதால் எனக்குக் கொடுத்தார்கள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஹீரோ கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது வீரம் இல்லை, கிட்டப்பார்வை. ஷெரீப், சாராயக்கடைக்காரன், சவப்பெட்டி செய்பவன் எல்லாம் பல் டாக்டர். குதிரை, காற்று, துப்பாக்கி, விசில் இதெல்லாம் இன்னொரு சிநேகிதர், இன்சூரன்ஸ்காரர், அதோடு செத்தவர்களில் எத்தனை பேருக்குப் பாலிசி இல்லை என்ற கணக்கும் அவர்தான்.

வில்லன்கள் மொத்தமும் உங்கள் அத்தை. முதல் வாரம் வில்லனுக்குப் பேச ஆள் இல்லை, டீ கொண்டு வந்தவள் திரையைப் பார்த்தாள், தாடிக்காரன் ஒருவன் சும்மா வாயை மெல்லுவதைப் பொறுக்காமல், "தம்பி, இவ்வளவு தூரம் வெயில்ல வந்திருக்கே, ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு சாவு" என்றாள். நாங்கள் மூன்று பேரும் எழுந்து நின்று கை தட்டினோம். அன்றிலிருந்து அத்தனை கொள்ளைக்காரனுக்கும் அவள்தான். அவள் வில்லன்கள் கொலைகாரர்கள்தான், ஆனால் குடும்பஸ்தர்கள். ஊரைக் கொளுத்தப் போகிறவன் கூட "அடுப்பை அணைச்சீங்களா" என்று கேட்டுவிட்டுத்தான் போவான்.

இதில் அப்படி என்ன இருக்கிறது என்று நீங்கள் அன்றைக்குக் கேட்டீர்கள். இப்போது சொல்கிறேன். தூரத்தில் ஒரு புள்ளி தெரியும், அது ஒரு ஆளாகிக் கிட்டே வந்து சேர்வதை, டீ ஆறுகிற வரைக்கும் காட்டிக்கொண்டே இருப்பார்கள். யாருக்கும் அவசரம் கிடையாது. முகத்தில் ஈ உட்கார்ந்தால் அதையும் காட்டுவார்கள். நம்மை எல்லாம் யாராவது அவ்வளவு பொறுமையாகப் பார்த்திருக்கிறார்களா, சொல்லுங்கள். கடையில் வருகிறவன் என் முகத்தைப் பார்ப்பதில்லை, கண்ணாடி பிரேமைத்தான் பார்ப்பான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாங்கள் நாலு பேரும் ஒரு கட்டில், ரெண்டு நாற்காலி, ஒரு முக்காலியில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒருத்தன் நடந்து வருவதை மரியாதையாகப் பார்ப்போம். பார்த்த படத்தையே பார்ப்போம். எனக்கு அது பிடித்திருக்கிறது, மாப்பிள்ளை, அவ்வளவுதான்.

ஆபரேஷனுக்கு அப்புறம் வெள்ளிக்கிழமையை நிறுத்தி வைத்திருந்தோம். போன வாரம் பல் டாக்டர்தான், "படத்தைப் போடுவோம், வில்லன் வாயசைக்கும்போது அவங்களுக்குத் தானா வந்துடும்" என்றார். போட்டோம். அவள் ஹாலுக்கு வரவில்லை. சரி, வரும் வரைக்கும் சமாளிப்போம் என்று டாக்டர் வில்லனுக்குப் பேசினார். இத்தனை வருஷத் தொழில் பழக்கம் எங்கே போகும், ஹீரோ தலையில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு "பயப்படாதீங்க, லேசா எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்கிறார். இன்சூரன்ஸ்காரரிடம் மாற்றினோம். அவர் வில்லன், "உங்க காலத்துக்கு அப்புறம் குடும்பத்தோட நிலைமை என்னன்னு யோசிச்சீங்களா?" என்றான். எனக்கே பயமாகிவிட்டது. அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். சமையலறை வாசலில் கையில் துணியோடு அவள் நின்றுகொண்டிருந்தாள். கண் திரையில் இருந்தது. வில்லன் வாய் அசைய அசைய அவள் உதடும் கூடவே அசைந்தது. சத்தம்தான் இல்லை. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இன்சூரன்ஸ்காரர் குதிரைக்குச் சத்தம் கொடுக்கவே மறந்துபோனார், குதிரைகள் பாட்டுக்குச் சத்தமில்லாமல் ஓடின. படியிறங்கும்போது டாக்டர், "நாலு பேர் பாக்கற படம் சார், மூணு பேரால முடியல" என்றார்.

மகளிடம் ஏன் சொல்லக்கூடாது என்று கேட்பீர்கள். தினமும் சாயங்காலம் அவள் போன் செய்கிறாள். தினமும் நான் ஒரு பொய் சொல்கிறேன். துணி காயப்போடப் போயிருக்கா, பக்கத்து வீட்ல இருக்கா, கண் அசந்துட்டா. அதற்குக் காரணம் இருக்கிறது. ஒருநாள் நான் நேராகவே கேட்டுவிட்டேன், "போன்ல நீ பேசினா, யாருங்க பேசறதுன்னு புள்ள கேட்டுடுவாளோன்னு பயப்படறியா?" என்று. அவள் முகத்தை வாஷிங் மெஷின் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த மெஷின் அப்போது ஓடவே இல்லை. கடைக்காரன் சார் என்றதைத் தாங்கிக்கொண்டாள், பெற்ற பெண் கேட்டால் தாங்க மாட்டாள். அதனால் அவளாக வாய் திறக்கிற வரைக்கும் மகளுக்குத் தெரிய வேண்டாம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. கல்யாணமான நாளிலிருந்து இன்றுவரை, "வாங்க மாப்பிள்ளை" என்று வாய் நிறையச் சொல்லாமல் உங்களை அவள் உள்ளே விட்டதில்லை. காய்ச்சலில் கிடந்தபோது கூட கட்டிலில் இருந்தபடியே சொன்னாள். ஆகவே முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு சாயங்காலம் புறப்பட்டு வாருங்கள். மாடிப்படி ஜன்னல் வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னால் விழுகிற மாதிரி நில்லுங்கள், உருவம் மட்டும் தெரிய வேண்டும். மணியை ஒருமுறை அடித்தால் போதும். கதவைத் திறப்பாள். நீங்கள் பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, செருப்பைக் கழற்றவே கூடாது. தலையாட்டுவாள், கை காட்டுவாள், கண்டுகொள்ளாதீர்கள். பையைப் பிடித்தபடி அப்படியே நில்லுங்கள். வேர்த்தால் துடைக்க வேண்டாம். கால் வலிக்கும்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் படங்களில் எப்போதும் வில்லன்தான் பயந்துபோய் முதலில் துப்பாக்கியை எடுப்பான், ஹீரோ எடுக்கவே மாட்டான். அதை மனதில் வைத்துக்கொண்டு நின்றீர்கள் என்றால், அவள்தான் முதலில் "வாங்க" என்பாள். அந்த ஒரு வார்த்தை வந்துவிட்டால் பின்னால் மற்றதெல்லாம் வரும். உங்களை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை.

குழந்தைக்கு என் முத்தங்கள். உங்களுக்கு நீண்ட ஆயுளும், மேலதிகாரிகளின் தயவும், இந்தக் காரியத்துக்குத் தேவையான கால்பலமும் கிடைக்க மனதார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்களையே நம்பியிருக்கும்
மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் எதையும் செய்ய வேண்டாம். கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டுப் பசை தேடிப் போனேன். திரும்பி வந்தால் ஹாலில் யாரோ ஒரு ஆண் சத்தம் போடுவது போல் இருந்தது. பார்த்தால் உங்கள் அத்தை, கையில் இந்தக் காகிதம். "யாரு பயந்து போய் துப்பாக்கிய எடுக்கறது? அவனா பயப்படறான்? நிக்க வச்சு நிக்க வச்சு மூஞ்சிய முறைச்சா எவனுக்குத்தான் ரோஷம் வராது? இத்தனை வருஷமா அவனுக்காகப் பேசறேன், எனக்குத் தெரியாதா அவன் மனசு?" நான் வாயைத் திறப்பதற்குள், "மாப்பிள்ளைய வாசல்லயே கால் கடுக்க நிக்கச் சொல்லி எழுதறீங்களே, இது ஒரு பெரிய மனுஷன் எழுதற எழுத்தா? பொண்ணு குடுத்த வீடுங்க அது!" அங்கிருந்து உப்பு டீ, என் அக்கா வீட்டு அழகு என்று பாக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது. நான் நிறையத் திட்டு வாங்கியிருக்கிறேன், மாப்பிள்ளை, இப்படிச் சந்தோஷமாக வாங்கியதில்லை. நடுவில் தான் பேசுவது அவளுக்கே உறைத்தது. கழுத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வில்லன் பயந்தான் என்ற வரியை அடித்துவிட்டுத்தான் கடிதத்தை அனுப்ப வேண்டுமாம், மெதுவாகச் சொன்னாள். அடித்தால் அசிங்கமாகத் தெரியும், நீங்களே அடித்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. என் மகள்தான். வழக்கம்போல ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு கையை நீட்டினேன், அதற்குள் உங்கள் அத்தை எடுத்துவிட்டாள். எடுத்தாளே தவிர பேசவில்லை. அந்தப் பக்கம் "ஹலோ, அப்பா... அப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். கடைசியில் "ம்" என்றாள். அது ஒரு வார்த்தை கூட இல்லை, கரகரவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். "அம்மா!" என்று உங்கள் மனைவி அங்கே போட்ட கூச்சல் எனக்கு மேஜை வரைக்கும் கேட்டது. யாருன்னு கேக்கல மாப்பிள்ளை, யாருன்னு கேக்கவே இல்லை.