மோட்டார் ரூம் சுவரும் இலக்கியாவின் ஸ்கோப்பும்

விராலிமலை,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளை திருமுருகனுக்கு,

மச்சான் நல்லதம்பி எழுதுவது. குளத்தூரில் நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க மலைமேல் இருக்கிற முருகன் துணை செய்யட்டும். இங்கேயும் நலம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. போனிலேயே பேசியிருப்பேன், உங்களைத் திட்டிவிடுவேன் என்று உங்கள் அக்காள் செல்வராணி போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். பேனாவைப் பிடுங்க மறந்துவிட்டாள்.

என் மகள், உங்கள் மருமகள் இலக்கியா மாநில ஜூனியர் அணிக்கு முந்நூறு மீட்டர் துப்பாக்கி சுடும் தேர்வில் நிற்பது உங்களுக்குத் தெரியும். முதல் சுற்று புதன்கிழமை நடந்து கெட்டுப்போனது. ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது சுற்று. அதையும் கோட்டை விட்டால் அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும், அப்புறம் வாய்ப்பே கிடையாது. பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. இதற்கெல்லாம் காரணம், நம் தோட்டத்தில் நீங்கள் கட்டிக் கொடுத்த மோட்டார் ரூம்.

கோபப்படாமல் படியுங்கள். துப்பாக்கிக்குப் புதிதாக, தூரத்துக் குறியைக் கிட்டத்தில் காட்டுகிற ஒரு ஸ்கோப் வாங்கினோம். உள்ளே கூட்டல் குறி மாதிரி இரண்டு கோடு இருக்கும். துப்பாக்கி நேராக இருக்கும்போது நிற்கிற கோடும் நேராக நிற்க வேண்டும். சாய்ந்தால் கிட்டத்தில் ஒன்றும் தெரியாது, தூரம் போகப் போகக் குண்டு பக்கவாட்டில் ஒதுங்கும். "கோச் வந்து மாட்டுவாருப்பா, நீங்க தொடாதீங்க" என்று இலக்கியா சொன்னாள்தான். பஸ் டிப்போவில் காலமெல்லாம் நட்டு முடுக்கிய எனக்கு, நாலு ஸ்குரூவுக்கு ஒரு கோச்சா என்று ரோஷம் வந்துவிட்டது. அவள் காலேஜ் போனதும் துப்பாக்கியை மொட்டைமாடிக்குக் கொண்டுபோனேன். பயப்படாதீர்கள், குண்டெல்லாம் துப்பாக்கி கிளப்பிலேயே பூட்டியிருக்கிறது. மொட்டைமாடியைப் பற்றி உங்களுக்கே தெரியும், நான் கூடவே நின்று போடவைத்த தளம். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் எங்கேயும் நிற்காமல் ஈசானிய மூலைக்கு ஓடும். நீங்கள் கட்டிய வீட்டில் குறை சொல்ல முடியாத இடம் அது ஒன்றுதான். அந்தத் தளத்தில் ஸ்டாண்டை வைத்து, துப்பாக்கியை அதில் உட்கார்த்தி, குப்புறப் படுத்துக்கொண்டு, தோட்டத்துக் கோடியில் தெரிந்த மோட்டார் ரூம் சுவரின் ஓரத்துக்கு நேராகக் கோட்டை நிறுத்தினேன். மாப்பிள்ளை கட்டிய சுவர், அதைவிட நேராக விராலிமலையில் என்ன இருக்கப்போகிறது என்று நம்பினேன்.

அந்த நேரம் பார்த்து மோட்டார் ரூம் மேல் ஒரு மயில் வந்து உட்கார்ந்தது. பக்கத்து வீட்டு அய்யாக்கண்ணு அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். "நல்லதம்பி மயில சுடப் போறாருங்கோ!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தி, வனத்துறைக்கும் போன் போட்டுவிட்டார். வந்த வனக் காவலர் மாடிப்படியிலேயே நின்றுகொண்டு, "தேசியப் பறவைங்க, ஜாமீன்கூட கெடைக்காதுங்க" என்றார். "சார், நான் மயில பாக்கலைங்க, செவத்தத்தான் பாக்குறேன்" என்றேன். "செவத்தப் பாக்க எதுக்குங்க துப்பாக்கி?" என்று கேட்டார். லைசென்ஸைக் காட்டி, துப்பாக்கி காலி என்று திறந்து காட்டி, செல்வராணி காப்பி கொடுத்து அனுப்பிவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அதற்கப்புறம்தான் ஸ்குரூவை முடுக்கினேன்.

புதன்கிழமை முதல் குண்டு வெடித்ததுமே ஸ்கோப் பின்னால் வந்து பிள்ளையின் புருவத்தில் இடித்துவிட்டது. என் கழுத்துக்குத் தோதாக, அவள் கண்ணுக்கு ரொம்பக் கிட்டத்தில் மாட்டியிருந்தேனாம். ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி படுத்தாள். அதற்கப்புறம் ஒவ்வொரு குண்டும் நடுப்புள்ளியைவிட்டு வலது பக்கம் ரெண்டு விரக்கடை தள்ளியே விழுந்தது. நான் வேலிக்கு வெளியே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கோச் என்னைக் கூப்பிட்டு, "கோடு சாஞ்சிருக்குங்க. எத வச்சு நேர் பாத்தீங்க?" என்றார். "எங்க மாப்ள கட்டுன செவருங்க" என்றேன். இலக்கியா துப்பாக்கியைப் பெட்டியில் வைத்து மூடினாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்படியானால் சாய்ந்திருப்பது எது? உங்கள் சுவர்தானே! இதை வீட்டில் சொன்னால் உங்கள் அக்காள், "எந்தம்பி கட்டுன செவரு சாயாது. ஒங்க தலதான் சாஞ்சிருக்கு" என்கிறாள். ஒரு பெண்ணின் எதிர்காலத்தைக் கெடுத்த சுவர் என் தோட்டத்தில் நிற்கக் கூடாது. நாளைக்குக் கூலியாள் மூக்கனைக் கடப்பாரையோடு வரச் சொல்லியிருக்கிறேன். செலவு உங்களுடையது.

தங்கச்சிக்கு என் அன்பும் பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதமும். உங்களுக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
மனம் நொந்த மச்சான்,
நல்லதம்பி

பின்குறிப்பு (ஞாயிறு மாலை): கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்குள் நிலைமை மாறிவிட்டது. நேற்று மத்தியானம் கோச் வந்து, மூக்கன் இடித்தது போக மிச்சம் நின்ற சுவரில், கொத்தனார் நேர் பார்க்கிற தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தார். நூல் பிசகவில்லை. பிறகு மாடிக்கு ஏறி, நான் ஸ்டாண்ட் வைத்த தளத்தின் சரிவைப் பார்த்தார். "செவரு நேராத்தான் இருந்திருக்குப்பா. மாடி சரிவுல துப்பாக்கிதான் சாஞ்சு கெடந்திருக்கு" என்றாள் இலக்கியா. கோச்சே ஸ்கோப்பைக் கழற்றி நேராக மாட்டினார். இன்று குண்டெல்லாம் நடுவிலேயே விழுந்து, பிள்ளை தேர்வாகிவிட்டாள். புருவத்தில் பிளாஸ்திரியோடு அவள் சிரித்ததைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். முதலில் மாமாவிடம் சொல்லுங்கள் என்றாள், சொல்லிவிட்டேன். அந்தச் சரிவைக் கேட்டது நானாம், உங்கள் அக்காள் சொல்கிறாள். கேட்டால் போட்டுவிடுவதா மாப்பிள்ளை? மூக்கன் சொன்ன நேரத்துக்கு வேலைக்கு வந்தது வாழ்க்கையிலேயே நேற்று ஒரு நாள்தான். மோட்டார் மழையில் நனைகிறது. இரண்டு கொத்தனாரோடு உடனே புறப்பட்டு வரவும். சுவர் முன்பு இருந்த மாதிரியே இருக்க வேண்டும், துளிகூடச் சாயக் கூடாது.