குண்டூசி சாரும் பஞ்சாபி மேளமும்

"சார், பாடறது நீங்களா?"

முதல் வரிசைப் பெண்மணி கேட்ட பிறகுதான் குண்டூசிக்கே விஷயம் தெரிந்தது. பாடிக்கொண்டிருந்தது அவர்தான்.

"பாட்டா? நானா? தொண்டையைச் செருமினேம்மா. நீங்க எழுதுங்க."

"செருமல்ல மெட்டு இருந்துச்சு சார், அதான் கேட்டேன்."

அந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் தேர்வு அறையில் இதுவரை யாரும் யாரையும் பார்த்து இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. குண்டூசி விழுந்தால்கூடக் கேட்க வேண்டும் என்பார் கண்காணிப்பாளரான அவர். ஒருமுறை சட்டைப்பையிலிருந்து குண்டூசியை எடுத்துத் தரையில் போட்டுச் சோதித்தே பார்த்தார். அன்றிலிருந்து அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது.

இன்று நடப்பது குமாஸ்தாக்களுக்கான பதவி உயர்வுத் தேர்வு. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடை கொடுத்திருக்கும். சரியான விடைக்கு நேரே உள்ள வட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும், அவ்வளவுதான். கூடுதல் தாள் கேட்டு யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள். அவருக்கு மிகவும் பிடித்த தேர்வு.

ஆனால் இன்று அவருக்கே ஒரு தேர்வு இருந்தது. அவருடைய அறைக் கதவில் 'தேர்வுப் பிரிவுத் தலைவர் (பொறுப்பு)' என்று எழுதியிருக்கும். அந்த அடைப்புக்குறி ஆறு வருடமாக அவர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. போன தடவை இன்னொரு ஹாலில் காப்பியடித்து, தேர்வே ரத்தாகிவிட்டது. அதனால் இன்று பறக்கும் படை வருகிறது. அவருடைய ஹாலில் ஒரு குறையும் இல்லையென்றால் அடைப்புக்குறி போய்விடும். குறை இருந்தால், அடைப்புக்குறிக்கு வெளியே இருப்பதும் சேர்ந்து போய்விடும்.

இந்த நேரம் பார்த்தா அந்தப் பாட்டு?

பாட்டு அவருடைய மனைவியுடையது. தினமும் காலையில் அதைப் போட்டுக்கொண்டுதான் உடற்பயிற்சி செய்வாள். முதலில் ஒரு பெண், யாரோ விட்டுவிட்டுப் போன துக்கத்தில் ஆங்கிலத்தில் மெல்ல ஆரம்பிப்பாள். கிட்டாரும் கூடவே அழும். ஐயோ பாவம் என்று நாம் உச்சுக்கொட்டப் போகும்போது, கதவை உதைத்துக்கொண்டு வருவது போல ஒரு பஞ்சாபிக்காரர் பெரிய மேளத்தோடு உள்ளே நுழைவார். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்குத் துக்கம் என்று ஒன்று இருந்ததே ஞாபகம் இருக்காது.

குண்டூசி உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டார். வாயில் வழி அடைபட்டதும் பாட்டு விரல்களுக்கு இறங்கியது. கையிலிருந்த பேனா மேசையைத் தட்டியது. டக் டக் டக். கொஞ்சம் இடைவெளி. டக். மறுபடி இடைவெளி. டக் டக்.

ஹால் முழுக்கத் தலைகள் நிமிர்ந்தன.

"மன்னிக்கணும்" என்று பேனாவைப் பையில் போட்டார்.

"பரவாயில்லை சார், எங்களுக்கு ஒண்ணும் தொந்தரவில்லை" என்றார் கடைசி வரிசையிலிருந்த வழுக்கைத் தலைக்காரர். பல வருடமாக இதே தேர்வை எழுதி, பல வருடமாகத் தோற்றுக்கொண்டிருப்பவர்.

எவ்வளவு நல்ல மனசு என்று குண்டூசிக்கு நெகிழ்ந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பாட்டு காலுக்குப் போனது. அவர் நின்ற இடம் மரமேடை. பூட்ஸ் சத்தம் பேனாவைவிடக் கணீரென்று கேட்டது.

பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு வரிசைகளுக்கு நடுவே நடந்தார். இப்போது கால்சட்டைப் பையிலிருந்த சாவிக்கொத்து ஜல் ஜல்லென்று பஞ்சாபுக்குக் கிளம்பியது.

அப்போதுதான் அவர் அதைக் கவனித்தார். ஒருவர் லேசாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெண்மணியின் இடது கை விரல்கள் மடங்கி மடங்கி நிமிர்ந்தன. அதற்குப் பின்னால் இன்னொருவர் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

குண்டூசி சாவிக்கொத்தைக் கையால் பொத்திக்கொண்டார். பாட்டு இவர்களுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது! பறக்கும் படை வரும்போது மொத்த ஹாலும் எழுந்து தோளைக் குலுக்கி ஆடினால்?

துணைக்கு வந்திருந்த கணக்குப் பிரிவு மேடத்திடம் ஓடினார்.

"மேடம், ரெண்டு நிமிஷம் பார்த்துக்குங்க. ஒரு அவசர போன்."

"பூட்ஸ் போட்டுட்டுப் போங்க சார்."

"போட்டா ஆடும் மேடம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். மேடம் அந்தப் பதிலைப் பற்றி வெகுநேரம் யோசித்தார்.

செல்போன்களையெல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்தான். அதனால் நடைக்கோடியில் காவலாளியின் மேசையிலிருந்த போனில் வீட்டுக்குப் பேசினார்.

"என்னங்க, பரீட்சை நேரத்துல போன்? மயக்கம் கியக்கம் வந்துடுச்சா?"

"அது வந்தாக்கூடத் தேவலை. உன் பாட்டு ஒட்டிக்கிச்சு."

"எந்தப் பாட்டு?"

காவலாளி பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லை. குண்டூசி மேசையில் தட்டிக் காட்டினார்.

"அடேங்கப்பா! கல்யாணமாகி இத்தனை வருஷத்துல உங்களுக்குத் தாளம் வரும்னு எனக்குத் தெரியவே தெரியாதே!"

"கிண்டல் பண்ணாதே. இதை எப்படி நிறுத்தறது, சொல்லு."

"காலையில நான் ஆடிட்டு இருக்கும்போது, காபி எங்கேன்னு வந்து பாதியிலயே அணைச்சீங்கல்ல? அதான். அரைகுறையா நின்ன பாட்டு மீதியைத் தேடிக்கிட்டே மண்டைக்குள்ள சுத்தும். முழுசா கேட்டுட்டா போயிடும். இருங்க, போடறேன்."

கசப்பு மருந்து குடிக்கிறவர் போலக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மருந்து வேலை செய்தது, தப்பான பக்கம். இதுவரை அவர் கேட்டறியாத பின்பாதியில் மேளக்காரருக்கு இன்னும் இரண்டு பேர் துணைக்கு வந்தார்கள். பாதிப் பாட்டோடு போனவர் முழுப் பாட்டோடு திரும்பினார்.

"நாளைக்கும் இதே நேரத்துக்குப் பேசுவீங்களா சார்?" என்று காவலாளி ஆசையாகக் கேட்டார்.

ஹாலில் மேடம் குசுகுசுத்தார். "நீங்க போனதிலிருந்து ஒருத்தரும் பென்சிலை அசைக்கல சார். எல்லாரும் கதவையே பார்த்துட்டு இருந்தாங்க."

"பயம் மேடம். நான் இல்லாட்டியும் என்மேல இருக்கிற பயம் இங்கேயேதான் இருக்கும்" என்றார் குண்டூசி. அத்தனை கவலையிலும் ஒரு சின்னப் பெருமை.

அந்தப் பெருமை அடங்குவதற்குள் பறக்கும் படைத் தலைவி வந்துவிட்டார். தடித்த கண்ணாடி, அதைவிடத் தடித்த கோப்பு.

குண்டூசி பாய்ந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து நசுக்கிக்கொண்டார். கால்களைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டார். இனி எங்கே போவாய் என்று பாட்டைப் பார்த்து மனசுக்குள் கறுவினார்.

பாட்டு முழங்காலுக்குப் போனது. முழங்காலுக்கு மேலே மேசையின் காலி இழுப்பறை. டும் டும். டும் டும் டும். டும். அசல் பஞ்சாபி மேளம்கூட இவ்வளவு சுத்தமாக ஒலிக்காது.

"அது என்ன சத்தம்?" என்றார் தலைவி.

"பழைய மேசை மேடம்... இழுப்பறை கொஞ்சம் லூசு."

"நீங்க ஏன் காலைத் தூக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க?"

"தரை ஜில்லுன்னு இருக்கு மேடம்."

அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு வரிசைகளுக்குள் நுழைந்தார். குண்டூசி கைகளை இன்னும் அழுத்தி நசுக்கினார். முழங்கால் தன்பாட்டுக்குப் பின்பாதியை வாசித்துக்கொண்டிருந்தது. தேர்வாளர்களின் தலைகள் மெல்ல மெல்ல ஆடின. விரல்கள் மடங்கின. பென்சில்கள் பறந்தன. தலைவி கடைசி வரிசைவரை போய், ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்து, திரும்பி வந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

போச்சு. கிடங்குப் பிரிவில் எலிகளோடுதான் இனி மிச்ச வாழ்க்கை என்று முடிவு செய்துவிட்டார் குண்டூசி.

"நான் எத்தனையோ வருஷமா இந்த வேலை பார்க்கறேன்" என்றார் தலைவி. "பக்கத்துப் பேப்பரை ஒருத்தர்கூட எட்டிப் பார்க்காத ஹாலை இன்னிக்குத்தான் பார்க்கறேன். துண்டுச் சீட்டு இல்லை, கண் ஜாடை இல்லை. எல்லாரும் நேரா உங்க மேசையை மட்டும்தான் பார்க்கறாங்க!"

"மேடம்..." என்று குண்டூசி காலைத் தரையில் இறக்கினார்.

"அந்த 'பொறுப்பு'ங்கிற வார்த்தையை இன்னிக்கே எடுக்கச் சொல்லிடறேன். வாழ்த்துகள்!"

மணி அடித்தது. அதே நொடியில், யாரோ ஒயரைப் பிடுங்கியதைப் போல அவர் தலைக்குள் பாட்டு நின்றது. குண்டூசி விழுந்தால் கேட்கும் அமைதி. அந்தக் காலுறையோடேயே எழுந்து நின்று ஒரு சுற்று ஆடலாமா என்றுகூட அவருக்குத் தோன்றியது.

விடைத்தாள்களைக் கட்டி, அரக்கு வைத்து முத்திரையிட்டு, தலைவியே கையோடு எடுத்துக்கொண்டு போனார்.

அவருடைய கார் வாசலைத் தாண்டும்வரை தூண் மறைவில் காத்திருந்த வழுக்கைத் தலைக்காரர், மெதுவாக அருகில் வந்து குண்டூசியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மத்த எல்லாத்துக்கும் தெளிவா தட்டிட்டீங்க சார், இந்த உதவியை நாங்க உயிருள்ளவரைக்கும் மறக்க மாட்டோம், நாற்பத்திமூணாவது கேள்விக்கு மட்டும் ஆறு தட்டு வந்துச்சா, இருக்கறதே நாலு விடைதானேன்னு ஹால்ல இருந்த அத்தனை பேரும் அதை மட்டும் காலியா விட்டுட்டோம்."