ஆறாவது வரி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள் நின்றபடி எழுதும் வணக்கம். இங்கே அப்பாவும் அம்மாவும் சுகம். அங்கே நீங்களும் சித்தியும் உட்கார்ந்த இடத்தில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் நாற்காலியையும் விசாரித்ததாகச் சொல்லவும். மரியாதை இத்துடன் போதும் என்று நினைக்கிறேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தாங்கள் நாளிதழின் எட்டாம் பக்கத்தில் 'ஆய்வு மூலை' என்று நாள்தோறும் ஐந்து வரி எழுதுவது நம் குடும்பத்துக்கே பெருமை. அப்பா அதைக் கத்தரித்து நோட்டில் ஒட்டுகிறார். காப்பி இதயத்துக்கு நல்லது என்று நீங்கள் எழுதிய வாரம் ஐந்து வேளை குடித்தார். காப்பி தூக்கத்தைக் கெடுக்கும் என்று எழுதிய வாரம் அடியோடு விட்டார். "ரெண்டையும் எழுதினது ஒரே சித்தப்பாதானேப்பா" என்று கேட்டேன். "அறிவியல் வளருதும்மா" என்றார். அது எங்கள் வீட்டு அடுப்போடு போய்விட்டது, உங்களிடம் நான் புகார் சொல்லவில்லை. ஆனால் போன மாதம் நீங்கள் எழுதிய ஐந்து வரி எங்கள் கிடங்கில் ஒன்பது ஸ்டூல்களைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. அதற்கும் சும்மா இருந்தால் நான் மனுஷியே இல்லை.

என் வேலை உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் இப்போது தெரிந்துகொள்ளுங்கள். கோப்பை, தட்டு, கண்ணாடி டம்ளர் என்று உடைகிற சாமான்களைப் பெட்டியில் அடுக்கி, ஒட்டி, அனுப்புகிற கிடங்கு. ஒன்பது மேசை, ஒன்பது பெண்கள். ஒவ்வொரு கோப்பைக்குள்ளும் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணிக்க வேண்டும். நீங்கள் மூளையைக் கசக்கி எழுதுவதெல்லாம் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்று நினைக்கிறீர்கள்? டீக் கோப்பைக்குள். ஒரு நாளைக்கு உங்களை நானே முப்பது தடவையாவது கசக்குகிறேன். அப்போதெல்லாம் கோபம் இல்லை. இப்போது கொஞ்சம் அழுத்தியே கசக்குகிறேன்.

அரசாங்கம் ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்ததே, ஒவ்வொரு நிறுவனமும் மாத முடிவுக்குள் ஊழியர் உடல்நலத்துக்கு ஏதாவது ஒன்று செய்து எழுதி அனுப்ப வேண்டும் என்று, அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நாங்கள் ஒன்பது பேரும் ஆளுக்கொரு கனவு கண்டோம். ஒருத்தி மின்விசிறி வரும் என்றாள். ஒருத்தி பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வரும் என்றாள். எங்கள் மேலாளர் கண்ணாடி அறையில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து ரொம்ப யோசித்தார். இருபத்தொன்பதாம் தேதி காலையில் வந்து பார்த்தால் ஸ்டூல் ஒன்றுகூட இல்லை. அறிவிப்புப் பலகையில் உங்கள் ஐந்து வரி. 'நாளெல்லாம் உட்கார்ந்திருப்பது உடலுக்குப் பெருங்கேடு. நிற்பதால் ரத்த ஓட்டம் சீராகிறது. தசைகள் வலுப்பெறுகின்றன. சோம்பல் அகலுகிறது. நிற்பவர்களின் ஆயுள் கூடும் என்கின்றனர் ஆய்வாளர்கள்.' அதற்குக் கீழே சிவப்பு மையில் மேலாளர் கையெழுத்து: 'நிர்வாகம் உங்கள் நலனில் அக்கறை கொண்டுள்ளது.'

நான் போய்க் கேட்டேன். "சார், ஸ்டூல் எங்க?"

"அது நான் சொல்றதில்லம்மா, ஆராய்ச்சி சொல்லுது."

"ஆராய்ச்சி உங்க நாற்காலியைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா சார்?"

அவர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். "என்னம்மா பண்றது, என் வேலை அப்படி. உங்க ஆயுள் கூடட்டும். எனக்குக் குறைஞ்சாலும் பரவாயில்ல."

அன்றிலிருந்து அவருக்கு 'ஆராய்ச்சி' என்றே பெயர் வைத்துவிட்டோம்.

எனக்கு இருபத்துமூன்று வயது, என் கால் எப்படியோ தாங்கும். என் பக்கத்து மேசை அக்காவுக்கு ஏழாம் மாதம். இரண்டாம் நாளே அவள் கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை, வீட்டுக்காரருடைய செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். தரையில் உட்கார்ந்தால் மேசை எட்டாது, எழுந்திருக்க இரண்டு பேர் தூக்கிவிட வேண்டும். ஒன்பதாம் மாதம் வரை வேலை பார்த்தால்தான் குழந்தை பிறந்த பிறகு இதே மேசை அவளுக்கு. நடுவில் நின்றுவிட்டால் வேறு ஆள் வந்துவிடும், அதுதான் கம்பெனி சட்டம். அவளோ வேலையில் இருந்து நிற்காமல் இருப்பதற்காக வேலையில் நின்றுகொண்டே இருக்கிறாள். "உங்க சித்தப்பா புள்ளைத்தாச்சி யாரையாவது பார்த்துட்டு எழுதினாரா?" என்று என்னைத்தான் கேட்கிறாள். எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நீங்கள் என் சித்தப்பா என்று முதல் நாளே பெருமை அடித்துத் தொலைத்திருந்தேன்.

அதனால்தான் உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "நான் என்னம்மா பண்ணுவேன், வந்ததைத் தமிழ்ல போடறவன் நான். ஆறு வரிதான் எழுதினேன். 'நாள் முழுதும் நாற்காலியில் வேலை செய்பவர்களுக்கே இது பொருந்தும், நின்று வேலை செய்பவர்கள் அவ்வப்போது அமர்வது அவசியம்'னு ஆறாவது வரி இருந்துச்சு. பக்கம் போடும்போது இடம் பத்தல, சோபா விளம்பரம் ஒண்ணு கடைசி நேரத்துல வந்துச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன், சிரிப்பு வந்துவிட்டது, என்ன செய்ய. உட்காராதே என்று ஐந்து வரி, அதற்கு நேர் கீழே மூன்று பேர் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் சோபா. பலகையில் ஆராய்ச்சி அதையும் சேர்த்தேதான் கத்தரித்து ஒட்டியிருக்கிறார். அந்த சோபாவில் நடுவில் இருக்கிற பொம்பளை எங்களைப் பார்த்தே சிரிக்கிறாள் சித்தப்பா.

அதற்குப் பிறகு நடந்ததையும் கேளுங்கள். நாங்கள் ஆராய்ச்சிக்கு ஆராய்ச்சியாலேயே பதில் சொல்வது என்று முடிவு செய்தோம். கசக்குகிற தாளில் எல்லாம் தேடினோம். உங்களுடைய மூலையிலேயே, 'நெடுநேரம் நிற்பது கால் நரம்புகளுக்குக் கேடு' என்று ஐந்து வரி கிடைத்தது. கொண்டுபோய்க் கொடுத்தால், "எப்ப வந்தது? தேதி எங்க?" என்கிறார். தேதி இருந்த மூலை ஏதோ கோப்பைக்குள் வெளியூர் போய்விட்டது. "பழைய ஆராய்ச்சி செல்லாதும்மா. புதுசு வந்தா பழசு ரத்து." சட்டசபையில்கூட இவ்வளவு சுலபமாக ரத்து செய்ய மாட்டார்கள். அன்றிலிருந்து ஒன்பது பேரும் தேதியுள்ள தாளாகப் பார்த்துத் தேட, வேலை மெதுவாகிவிட, அவர் வந்து "இனிமே தாளைக் கசக்கணும், படிக்கக் கூடாது" என்று இன்னொரு உத்தரவு போட்டார். கசக்குவதற்கு முன்னால் எழுத்து கண்ணில் படாமல் இருக்க என்ன செய்வது என்று கேட்டதற்கு, தலைகீழாகப் பிடிக்கச் சொன்னார். இப்போது எங்களில் ஐந்து பேர் தலைகீழாகவும் நன்றாகப் படிக்கிறோம்.

அடுத்து போனில் ஏதோ ஒரு செயலி போடச் சொன்னார்கள், நாள் முழுக்க எத்தனை அடி நடக்கிறோம் என்று எண்ணுவதற்கு. இதுவும் அதே நலத் திட்டம்தான். நாங்கள் நிற்கிறோம், நடக்கவில்லை, அதனால் சாயங்காலம் பார்த்தால் எல்லாருக்கும் நூறு, நூற்றிருபது. ஆராய்ச்சிக்குக் கோபம். "உங்க நல்லதுக்குத்தான் ஸ்டூலை எடுத்தேன், நடக்க மாட்டேங்கறீங்களே" என்றார். மேசையை விட்டு நகர்ந்தால் மெமோ, நகராவிட்டால் அறிவுரை. சரி என்று ஒன்பது போனையும் ஒரு பையில் போட்டு, கிடங்கில் பெட்டி ஏற்றிப் போகிற தள்ளுவண்டிக்காரர் தோளில் மாட்டிவிட்டோம், அவர்தான் நாள் முழுக்க நடக்கிறவர். முதல் நாள் எல்லாருக்கும் இருபத்திரண்டாயிரம். ஏழு மாத அக்காவுக்குப் பாராட்டுச் சான்றிதழ் தரப்போவதாகச் சொன்னார்கள். மூன்றாம் நாள் ஆராய்ச்சி என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். அதில் போன இடத்தையெல்லாம் காட்டுகிற வரைபடமும் இருக்குமாம், எங்களுக்கு யார் சொன்னார்கள்?

"ஒன்பது பேரும் பதினொண்ணே காலுக்கு எங்க போனீங்க?"

"இங்கதான் சார் இருந்தோம்."

"தெருமுனை சலூன்ல நாற்பது நிமிஷம் இருந்திருக்கீங்க. ஒன்பது பேரும் ஷேவிங் பண்ணிக்கிட்டீங்களா?"

வண்டிக்காரர் பளபளவென்ற முகத்தோடு பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மெமோ, அவருக்கு மெமோ, அக்காவுக்குச் சான்றிதழ் கிடையாது. போனால் போகிறது, சான்றிதழ் மேல் உட்கார முடியாது.

இப்போது நேராகக் கேட்கிறேன் சித்தப்பா. அந்த ஆய்வாளர்கள் யாரை நிற்க வைத்துப் பார்த்தார்கள்? எங்களைக் கேட்டிருந்தால் பத்து மணி நேரத்தில், ஒரு பைசா செலவில்லாமல், முடிவு சொல்லியிருப்போமே. நீங்கள் எட்டாம் பக்கத்தில் ஒரு வரியை வெட்டும்போது அது யாருடைய முழங்காலில் போய் விழும் என்று யாரும் பார்ப்பதில்லை. படிக்கிறவனுக்கு வேண்டியதை அவன் எடுத்துக்கொள்கிறான். ஸ்டூலை எடுக்க நினைப்பவனுக்கு ஐந்து வரி தாராளம். ஆகவே அந்த ஆறாவது வரியை, தேதியோடு, அதே எட்டாம் பக்கத்தில், உடனே போடுங்கள். விளம்பரம் வந்தால் விளம்பரத்தை வெட்டுங்கள். இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்: அச்சில் வருகிற எழுத்து என்பது சத்தியம் மாதிரி. சரிபார்க்காத ஒரு வரியும் ஏறக் கூடாது, இருக்கிற ஒரு வரியும் குறையக் கூடாது, தன் வசதிக்கு ஒரு சொல் சேர்க்கிறவன் எவனாக இருந்தாலும் அவனை மன்னிக்கக் கூடாது. இது என் உறுதியான கருத்து, இதிலிருந்து நான் இறங்கி வரமாட்டேன்.

சித்திக்கு என் அன்பு. அப்பா உங்களுக்கு ஆசி சொல்லச் சொன்னார். அவரும் ஒரு மாதமாக நின்றுகொண்டேதான் டி.வி. பார்க்கிறார், அம்மா முதுகில் ஒரு தள்ளு தள்ளி உட்கார வைக்கிறாள். நீங்கள் எல்லா நலமும் பெற்று, நிறைய வரிகள் எழுதி, ஒன்றும் வெட்டுப்படாமல் வாழ வேண்டும் என்று வேண்டும்,

உங்கள் அண்ணன் மகள்,
இரண்டாம் மேசை.

பி.கு.: இதை உறையில் போட்டு மூன்று நாளாகத் தபாலில் சேர்க்க நேரமில்லாமல் பையிலேயே வைத்திருந்தேன். அதற்குள் நிலைமை மாறிவிட்டது. எங்களால் உங்களுக்காகக் காத்திருக்க முடியவில்லை. பெட்டிமேல் ஒட்ட 'கவனம், உடையும்' என்று அச்சடிக்கிற லேபிள் எந்திரம் இருக்கிறதல்லவா, அதில் செய்தித்தாள் எழுத்து அளவுக்குச் சின்னதாக வைத்து, போனில் நீங்கள் சொன்ன ஆறாவது வரியை எழுத்துப் பிசகாமல் அடித்து, பலகையில் இருந்த சோபாவின் மேல் கச்சிதமாக ஒட்டிவிட்டோம். ஆராய்ச்சியை அழைத்துவந்து காட்டினோம். கண்ணாடியைத் துடைத்து இரண்டு தடவை படித்தார்.

"இவ்வளவு நாளா இது எங்க இருந்துச்சு?"

"சோபாவுக்கு அடியில சார்" என்றாள் ஏழு மாத அக்கா.

மத்தியானமே ஒன்பது ஸ்டூலும் வந்துவிட்டன. அக்கா உட்கார்ந்து, கீழே ஒரு காலிப் பெட்டியைப் போட்டு அதன்மேல் காலை வைத்துக்கொண்டு, ராணி மாதிரி கோப்பை அடுக்குகிறாள். ஆகவே ஆறாவது வரியை நீங்கள் போட வேண்டாம். ஆராய்ச்சி போன் செய்து கேட்டால் வந்ததுதான் என்று சொல்லிவிடவும். அச்செழுத்து பற்றியும் சத்தியம் பற்றியும் மேலே எழுதியிருப்பதை, தயவுசெய்து, எங்களுக்கு மட்டும் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

ஆனால் ஒரு தப்பு செய்துவிட்டோம். லேபிளில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருந்தது, சும்மா விடுவானேன் என்று நான்தான் ஏழாவது வரியாக, 'மேற்பார்வை செய்பவர்கள் மணிக்கு ஒருமுறை எழுந்து நடமாடுவது அவர்களுக்கு மிகவும் நல்லது' என்று சேர்த்தேன். நம்பிவிட்டார் சித்தப்பா. முன்பெல்லாம் கண்ணாடி அறையைவிட்டு வெளியே வராதவர், இப்போது மணியடித்த மாதிரி வந்து ஒவ்வொரு மேசையாக நின்று கோப்பையை எண்ணுகிறார். வாய்விட்டு ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அதனால் நாளைக்கே, தேதியோடு, ஐந்து வரி எழுதுங்கள்: மேலாளர்கள் அடிக்கடி எழுந்து நடமாடினால் அவர்களுடைய ஆயுள் குறையும். ஆதாரம் கேட்டால் நாங்கள் ஒன்பது பேர் இருக்கிறோம்.