கணினியைக் கவிழ்த்த கையேடு

ஒரு காட்டில், கணினி மனது வைத்தால்தான் குளத்துக்குத் தண்ணீர் வரும். மதகைத் திறந்து மூடுவது அதுதான். ஆனால் திடீர் திடீரென்று மூர்ச்சை போட்டு விழுந்துவிடும். விழும்போது தன் நினைவில் இருந்ததையெல்லாம் எண் குவியலாகக் கொட்டிவிடும். அந்தக் குவியலைக் கிளறி, ஏன் விழுந்தது என்று கண்டுபிடிப்பது மரநாய் வேதவல்லியின் வேலை. அவள் கிளறி முடிப்பதற்குள் குளம் காய்ந்துவிடும். மான்கள் சேற்றை நக்கிக்கொண்டு நிற்கும்.

அதைப் பார்க்கச் சகிக்காமல் வேதவல்லி ஒரு சின்ன நிரல் எழுதினாள். குவியலை அதனிடம் கொடுத்தால் போதும், எந்த வேலை எங்கே சிக்கியது என்று ஒரே வரியில் சொல்லிவிடும்.

மேலாளர் காட்டுப்பன்றி பூவராகன் பூரித்துப்போனார். "பிரமாதம்மா! எல்லாருக்கும் புரியற மாதிரி ஒரு கையேடு எழுதிடு."

வேதவல்லி ஆசை ஆசையாக எழுதினாள். வளவளவென்று முன்னுரை எதுவும் வைக்கவில்லை. முதல் பக்கத்திலேயே பயிற்சி: 'கணினியை விழவைக்க இந்தக் கட்டளையை இடவும்.' இரண்டாம் பக்கத்தில் எச்சரிக்கை: 'மதகுக் கணினியில் செய்யவே கூடாது.'

இரண்டாம் பக்கத்தை யாரும் புரட்டவில்லை.

முதலில் முயல் செய்து பார்த்தது. கணினி விழுந்தது. 'காரணம்: முயல்' என்றது நிரல்.

"அக்கா, அப்படியே சரியாச் சொல்லுது!" என்று குதித்தது முயல். பிறகு கீரி வந்தது. குரங்குகள் குடும்பத்தோடு வந்தன. குளம் வறண்டது.

வேதவல்லி பூவராகனிடம் ஓடினாள். "சார், அந்தப் பயிற்சியை எடுத்துடறேன்."

"எதுக்கு? முன்னே இந்த நிரலை நீ மட்டும்தான் ஓட்டினே. இப்போ காடே ஓட்டுது! விருதுக்கே எழுதியிருக்கேன்."

"மான்குட்டி ஒண்ணு தாகத்துல மயங்கிடுச்சு சார்."

"அதுக்கும் ஒரு நிரல் எழுதிடு."

வேதவல்லி திரும்பி நடந்தாள். வெளியே மான்குட்டி நாக்குத் தள்ளிக் கிடந்தது. பாறை இடுக்கில் மிச்சமிருந்த தண்ணீரை இலையில் ஏந்தி வந்து அதன் வாயில் விட்டாள். பிறகு உட்கார்ந்து, முதல் பக்கத்துக் கட்டளையில் ஒரே ஒரு சொல்லை மாற்றினாள். இனி யார் பயிற்சி செய்தாலும் விழப்போவது பூவராகனின் மேசைக் கணினி.

விழுந்தது. அவர் எழுப்பினார். மறுபடி விழுந்தது.

"எவன்டா அது? நிர்வாகமே நின்னுபோச்சே!" என்று பூவராகன் காடு அதிர உறுமினார். உடனே ஆணை பறந்தது: பயிற்சிக்குத் தனிக் கணினி, காவலுக்கு ஒரு காட்டெருமை. வாங்க வழியே இல்லை என்று காலமெல்லாம் சொல்லப்பட்ட பயிற்சிக் கணினி, பொழுது சாய்வதற்குள் வந்து இறங்கியது.

அன்றிலிருந்து மதகுக் கணினியை யாரும் தொடவில்லை. குளம் நிரம்பியது. குளத்தைக் காப்பாற்றியதற்காக விருதும் கொடுத்தார்கள், பூவராகனுக்கு. வேதவல்லி கைதட்டிவிட்டு, மான்குட்டியோடு தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

நீதி: ஊருக்கே தண்ணீர் நின்றால் அது பயிற்சி, மேலாளரின் மேசைக் கணினி நின்றால்தான் அது விபத்து. ஆகவே, குறையைச் சரியான மேசைக்கு மாற்றி வைக்கவும்.