குட்டை வைப்பர்

கார்க் கண்ணாடி துடைக்கும் வைப்பர்களில் ஒன்றை நீளமாகவும் இன்னொன்றைக் குட்டையாகவும் வைத்த மகானே, என் குடும்பத்தைக் கவிழ்த்தவன் நீதான்! உன் விலாசம் தெரிந்திருந்தால் இப்படி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். நேரிலேயே வந்திருப்பேன்.

பழைய வைப்பரின் ரப்பர் கிழிந்து, கண்ணாடியில் கோடு கோடாக இழுத்தது. "மெக்கானிக்கிட்ட விட்டுருங்க" என்றாள் மனைவி. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ரெண்டு வைப்பர் மாட்ட மெக்கானிக்கா? நானே மாட்டறேன். சரியா வரலைன்னா இனிமே காரை நீயே ஓட்டு!"

அவள் லைசென்ஸ் எடுத்து ஆறு வருஷம். ஸ்டியரிங்கை ஒரு நாளும் நான் விட்டதில்லை.

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"என்னிக்கு மாறியிருக்கேன்?"

"அக்கா, நீங்களும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்று பக்கத்து வீட்டம்மாவை மதிலுக்கு மேல் சாட்சி சேர்த்தாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

உதிரிபாகக் கடைக்காரர் நீளத்தில் ஒன்று, குட்டையில் ஒன்று எடுத்து வைத்தார். நான் பேரம் பேசியே ஆளானவன். அசந்தால் எடையில் கைவைக்கும் உலகத்தைப் பதினான்கு வயதிலிருந்து பார்த்தவன்.

"என்னய்யா இது, ஒண்ணு முழுசு, ஒண்ணு அரைகுறை? யார்கிட்ட?"

"இந்த வண்டிக்கு அப்படித்தான் சார் வரும்."

"வரும், வரும். விக்காத சரக்கையெல்லாம் என் தலையில கட்டுவே. ரெண்டும் நீளமா குடு!"

"சார், மழை பெய்யறப்ப..."

"மழையை நான் பாத்துக்கறேன். நீ வைப்பரைக் குடு!"

அரை மணி நேரம் கத்தி, ரெண்டும் நீளமாகவே வாங்கி வந்து மாட்டினேன். மனைவி குனிந்து பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

நாலாம் நாள் மாமனாரை ஸ்டேஷனிலிருந்து கூட்டிவரக் கிளம்பினோம். பாதி வழியில் மழை கொட்டியது. சுவிட்சைத் தட்டினேன். வைப்பர் இரண்டும் ஆவேசமாக எழுந்தன. நடுக்கண்ணாடியில் மோதின. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, பாகப்பிரிவினையில் சட்டையைப் பிடித்த அண்ணன் தம்பி மாதிரி அப்படியே நின்றன. எதிரே ரோட்டையே காணோம். தட்டுத்தடுமாறி ஓரங்கட்டினேன்.

மனைவி பதறவே இல்லை. சீட்டுக்கு அடியில் கையை விட்டாள். குட்டை வைப்பர் வெளியே வந்தது!

"இது ஏது?"

"நீங்க கடையை விட்டு இறங்கினதுமே அவர் போன் பண்ணிட்டார். அன்னிக்கே போய் வாங்கிட்டேன்."

"உன் நம்பர் அவனுக்கு எப்படித் தெரியும்?"

"போன தடவை பேட்டரிக்குச் சண்டை போட்டீங்களே, அப்பவே குடுத்து வச்சேன்."

"நாலு நாளா வாயைத் திறக்கலையே!"

"திறந்தா நீங்க சரியா மாட்டியிருப்பீங்க. சாவி எப்படி என் கைக்கு வரும்? இறங்குங்க. குடையைப் பிடிங்க."

பிடித்தேன். ஒரே நிமிஷத்தில் மாட்டிவிட்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். ஸ்டேஷனில் மாமனார் முன்கதவைத் திறந்தார். "மாப்பிள்ளை, நீங்க பின்னால போங்க. எனக்குக் காலை நீட்டணும்."

பின்சீட்டிலிருந்து கேட்கிறேன், மகானே! நீ செய்த வேலையை நீயே வந்து சரிசெய். நியாயம் பேசி என் சாவியை அவளிடமிருந்து வாங்கிக் கொடு. ஸ்டேஷனில் இறங்கியதும் போன் போடு. கார் கிடைக்குமா என்று அவளிடம் கேட்டுச் சொல்கிறேன்.