எதிர்வீட்டில் கொடுத்த சாவி

கண்ணாடிக் கடைக்காரர் சாயங்காலம் வந்து கதவைத் திறந்தபோது, கூடத்தில் ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அப்பா, அம்மா, ஓரமாக வீட்டுப்பாடம் எழுதும் ஒரு சிறுமி.

"மன்னிச்சுக்குங்க," என்று கதவைச் சாத்தினார். வெளியே கதவு எண்ணைப் பார்த்தார். அவருடைய வீடுதான். மறுபடி திறந்தார்.

"யாருங்க நீங்க?"

"இன்னிக்கு ஒரு ராத்திரி இங்க இருக்கச் சொன்னாங்க," என்றார் சாப்பிட்டவர். "நீங்க?"

"இது என் வீடு."

"ஓனரா? நல்லவேளை வந்தீங்க. சமையலறைக் குழாய் ஒழுகுது."

எல்லாவற்றுக்கும் காரணமே அந்தக் குழாய்தான். அதைச் சரிசெய்ய ஆள் வருவதாக இருந்ததால், காலையில் உபரிச் சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எதிர்வீட்டை நாள் வாடகைக்கு விட ஆரம்பித்ததிலிருந்து அங்கே வாரம் ஒரு முகம். ஆனாலும் பனியனோடு வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்த ஆசாமியைப் பார்த்தபோது, பல வருஷப் பழக்கம் போலத் தோன்றிவிட்டது. அந்த ஆசாமி மதியமே ஊருக்குக் கிளம்பிவிட்டார். கிளம்பும்போது பொறுப்பாக இரண்டு வீட்டுச் சாவியையும், அடுத்து வருபவர்கள் எடுத்துக்கொள்ளச் சுவரில் மாட்டியிருந்த சாவிப்பெட்டிக்குள் போட்டுவிட்டார்.

"பெட்டியில தப்பான சாவியை எடுத்துட்டீங்க," என்றார் கடைக்காரர். "நீங்க எதிர்வீட்டுக்குப் போகணும்."

"அங்கயும் ஆள் இருக்காங்க சார். மொதல்ல எங்க இடத்துலயும் வேற யாரோ இருந்தாங்க. போன் பண்ணோம், இங்க வரச் சொன்னாங்க. இனிமே எங்க போறது? பாப்பாவுக்கு நாளைக்குப் பரீட்சை."

சுற்றுலா வந்த இடத்தில் என்ன பரீட்சை என்று அவருக்குப் புரியவில்லை. எதிர்வீட்டு மணியை அடித்தார். தலை சொட்டச் சொட்ட ஒரு இளைஞன் எட்டிப் பார்த்தான்.

"துண்டு கேட்டோமே, கொண்டுவந்தீங்களா?"

துண்டு கொடுத்தாலாவது நின்று பேசுவார்கள் என்று நினைத்து, தன் அலமாரியிலிருந்து நான்கு துண்டுகளை எடுத்துவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து மனைவி படியேறி வந்தாள்.

"என்னங்க, நம்ம வீட்டுல யாரோ கை கழுவுற சத்தம் கேக்குது."

"உள்ள ஒரு குடும்பம் இருக்கு."

"யாரோட குடும்பம்?"

"அதைத்தான் விசாரிச்சுக்கிட்டு இருக்கேன்."

சாவிப்பெட்டியில் ஒட்டியிருந்த எண்ணுக்கு அழைத்தார். ஒரு பெண்ணின் தேன் குரல் எடுத்தது.

"என் வீட்டுல வேற ஆளுங்க இருக்காங்கம்மா."

"அடடா, ரெண்டு பேருக்கு ஒரே வீட்டைக் கொடுத்துட்டோம் போல. ரொம்ப சாரி சார்."

"அதில்ல. நான் இங்கயே குடியிருக்கறவன்."

"புரியுது சார். அந்த வீட்டுக்கு வர்றவங்க எல்லாருமே அப்படித்தான் சொல்றாங்க, சொந்த வீடு மாதிரி இருக்குன்னு. நீங்க நேர் மேல் மாடிக்குப் போங்க. அங்க தப்பா போய்ட்டவங்களை இப்பதான் வேற இடத்துக்கு மாத்தினோம். கதவு திறந்தே இருக்கும்."

அவர் மேலும் விளக்க வாயைத் திறப்பதற்குள் மனைவி கைப்பையைத் தூக்கிக்கொண்டாள்.

"காலையில சண்டை போட்டுக்கலாம். இப்ப எனக்கு உட்கார ஒரு இடம் வேணும்."

மேல்வீட்டில் கொடியில் துணி காய்ந்தது. குளிர்சாதனப்பெட்டியில் பாதி வெட்டிய வெள்ளரிக்காய்கூட இருந்தது.

"வாடகைக்கு விடறவங்க எவ்வளவு பாத்துப் பாத்து வச்சிருக்காங்க பாருங்க," என்று சோபாவில் சாய்ந்தாள் மனைவி. "சொந்த வீடு மாதிரியே இருக்கு."

அவரும் செருப்பைக் கழற்றினார். கீழ்த்தளத்தைக் கூட்டிவிட்டு மேலே வந்த துப்புரவுக்காரம்மா, திறந்த கதவு வழியே அவர்களைப் பார்த்து வாளியைக் கீழே வைத்தாள்.

"சார், நீங்க எங்க இங்க?"

"என்னத்தச் சொல்றது? எங்க வீட்டுல யாரோ டூரிஸ்ட் குடும்பம் வந்து உட்கார்ந்திருக்கு."

துப்புரவுக்காரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவங்க டூரிஸ்ட் இல்ல சார், பத்து வருஷமா இந்த வீட்டுல, உங்க தலைக்கு மேல குடியிருக்கறவங்க."