வீடு பார்க்க வந்த கூட்டம்

மூச்சிரைக்க இரண்டாம் மாடிக்கு ஏறி வந்த மார்னிக்ஸின் கண்ணில் முதலில் பட்டது வீடு அல்ல, கூட்டம். வரவேற்பறையில் ஒரு கும்பல். சமையலறையில் ஒரு ஜோடி. பால்கனியில் ஒருவர் காப்பிக் கோப்பையோடு சாவகாசமாக நின்றிருந்தார்.

"வாங்க, வாங்க!" என்றார் தரகர் ஓடிலியா அம்மையார். "சீக்கிரம் பாத்துக்கங்க. ரோட்டர்டாம்ல இந்த மாதிரி வீடு இனிமே கிடைக்காது."

இதுவரை கைநழுவிப் போன எல்லா வீடுகளைப் பற்றியும் மார்னிக்ஸ் இதே வாக்கியத்தைக் கேட்டிருக்கிறான். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் கூடுதல் விலைக்குக் கேட்டு வாங்கிப் போய்விடுவார். அவனும் மனைவி நீன்கேயும் மறுபடி மாமனார் வீட்டு மச்சு அறைக்கே திரும்புவார்கள். மாமனாருக்குப் பொம்மை ரயில் பைத்தியம். தண்டவாளம் இப்போது அவர்கள் கட்டிலுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. அடுத்த மாதம் குழந்தை வேறு பிறக்கப் போகிறது. அதை எந்த ஸ்டேஷனில் படுக்க வைப்பது?

நீன்கே கீழே சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தாள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு அந்தச் செங்குத்துப் படிகளில் அவள் ஏறி வருவதற்குள் இந்தக் கூட்டத்தைக் கொஞ்சமாவது கலைத்தாக வேண்டும்.

ஜன்னலோரம் சிவப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி நின்றிருந்தார். மார்னிக்ஸ் மெல்ல அவர் பக்கத்தில் போய் நின்றான்.

"வீடு நல்லாத்தான் இருக்கு. மேல் வீட்டுக்காரர்தான்..." என்று இழுத்தான்.

"ஏன், அவருக்கு என்ன?"

"டிரம்பெட் வாசிப்பார். விடிய விடிய."

"அடக் கடவுளே! நல்லா வாசிப்பாரா?"

"கழுதை கத்துற மாதிரி இருக்கும்."

பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டார். வேலை செய்கிறது என்று மார்னிக்ஸ் மகிழ்வதற்குள், அவர் அறை முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்தார். "எல்லாரும் இங்க வாங்களேன்! இவர் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க!"

கூட்டம் அவனைச் சூழ்ந்துகொண்டது. பால்கனிக்காரர்கூடக் கோப்பையோடு உள்ளே வந்துவிட்டார். தலை நரைத்த ஒரு நெட்டை மனிதர் குனிந்து கேட்டார்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் தம்பி?"

"நான்... இந்தக் கட்டடத்துலதான் குடியிருக்கேன்."

"அப்படியா! எந்த வீடு?"

"கீழ்த்தளத்து வீடு."

"இடப்பக்கமா, வலப்பக்கமா?"

"இடப்பக்கம்."

நெட்டை மனிதர் முகத்தில் அப்படி ஓர் ஆர்வம். "வீடு எப்படி, வசதியா இருக்கா?"

"வசதியா? சுவரெல்லாம் ஈரம். பூஞ்சை. குழாயத் தொறந்தா நாத்தம்."

"ஐயோ பாவம்," என்றார் நெட்டை மனிதர், மிகுந்த வருத்தத்தோடு. "ஒரு நிமிஷம் கீழ போய்ப் பாத்துட்டு வரலாமா? நான் அந்தப் பூஞ்சையப் பாத்தே ஆகணும்."

மார்னிக்ஸ் அவசரமாகக் கையை ஆட்டினான். "இப்ப முடியாதே. என் மனைவி படுத்திருக்கா. ஒட்டிக்கிற காய்ச்சல்."

"அப்ப நான் பட்டாணி சூப் கொண்டுவந்து வாசல்ல வெச்சுட்டுப் போறேனே," என்றார் சிவப்புக் கண்ணாடி.

"வேண்டாங்க! சூப்னாலே அவளுக்கு ஆகாது."

அப்போதுதான் வாசலில் நீன்கே தோன்றினாள். நிறைமாத வயிறு, சிவந்த கன்னங்கள், முகம் நிறையச் சிரிப்பு.

"தங்கம்! வெளிச்சத்தப் பாரேன்! தொட்டில இந்த மூலையில போட்டுடலாம்!"

எல்லோரும் நீன்கேயின் வயிற்றைப் பார்த்தார்கள். பிறகு மார்னிக்ஸைப் பார்த்தார்கள். பிறகு, கீழே காய்ச்சலோடு ஒருத்தி படுத்திருக்கும் தரையைப் பார்த்தார்கள்.

"இவங்க யாரு?" என்றார் சிவப்புக் கண்ணாடி.

"தெரிஞ்சவங்க," என்றான் மார்னிக்ஸ்.

"தெரிஞ்சவளா?" என்றாள் நீன்கே.

நெட்டை மனிதர் அவளிடம் கனிவாகச் சொன்னார். "வருத்தப்படாதீங்கம்மா. இவரோட மனைவிக்குக் காய்ச்சல் குணமானதும் எல்லாரும் உக்காந்து பேசித் தீர்த்துக்கலாம்."

"எந்த மனைவிக்கு?"

அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. மார்னிக்ஸ் அவள் கையைப் பிடித்துப் படியிறங்கினான். தெருமுனை வரை அவன் கதையைச் சொல்ல, முதலில் திட்டித் தீர்த்தவள், பாலத்தருகே வந்ததும் சைக்கிளில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"உனக்கு வெக்கமே இல்லையா?"

"விடு. அவங்க யாரோ, நாம யாரோ. இனிமே அந்த மூஞ்சிங்களப் பாக்கவா போறோம்?"

"அதெல்லாம் சரி. எனக்கு அந்த வீடு வேணும் மார்னிக்ஸ். ஆனா அத்தனை பேரு நிக்கிறாங்களே!"

அத்தனை பேரையும் முந்த வேண்டுமென்றால் ஒரே வழிதான் இருந்தது. வங்கி அதிகபட்சம் எவ்வளவு கொடுக்குமோ அவ்வளவையும் தரகருக்கு விலையாக எழுதிக் கொடுத்தார்கள். அதன் மேல் நீன்கேயின் சேமிப்பையும் போட்டார்கள். கடைசியில் மாமனாரிடமும் கேட்டார்கள். தன் தண்டவாளத்துக்கு இடம் கிடைக்கும் சந்தோஷத்தில் அவர் வாய்திறக்காமல் எடுத்துக் கொடுத்தார்.

மறுநாளே ஓடிலியா அம்மையார் கூப்பிட்டார். "வாழ்த்துகள்! வீடு உங்களுக்குத்தான். எல்லாரையும் முந்திட்டீங்க!"

நீன்கே அழுதாள். மார்னிக்ஸ் அவளைக் கட்டிப்பிடித்துக் குதித்து, மச்சின் உத்தரத்தில் தலையை இடித்துக்கொண்டான். வலிக்கவே இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கூட்டத்தையே ஜெயித்திருக்கிறான்!

கையெழுத்தெல்லாம் முடிந்த மறுவாரம், ஜன்னல்களை அளந்து வர இருவரும் போனார்கள். பொதுக் கதவைத் திறந்து உள்ளே நுழைந்ததும், கீழ்த்தளத்தில் இடப்பக்கக் கதவு திறந்தது. வீட்டுச் செருப்பும் கையில் செய்தித்தாளுமாக அந்த நெட்டை மனிதர் வெளியே வந்தார்.

மார்னிக்ஸ் அளவு நாடாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். "நீங்க... வேற வீடு தேடிட்டு இருந்தீங்கல்ல?"

"நானா? நாங்க யாருமே வீடு வாங்க வரலியே தம்பி," என்றார் அவர் அன்போடு. "கூட்டமாத் தெரியட்டும்னு அந்தத் தரகரம்மா ஆப்பிள் கேக் வாங்கிக் குடுத்துக் கூப்பிட்டாங்க. அன்னிக்கு மேல நின்ன அத்தனை பேரும் இந்தக் கட்டடத்துலயே குடியிருக்கிறவங்கதான்."